அந்தமானில் ஒரு நாள் தூண்டில்: படகுக்கு முன் ஆளைப் பாருங்கள்

கேள்வி இது: "ஜனவரி கடைசியில் மனைவி, பத்து வயது மகனுடன் ஒரு வாரம் அந்தமான் போகிறோம். அதில் ஒரு நாள் தனிப்படகு எடுத்து, வழிகாட்டியோடு கடலில் மீன் பிடிக்க ஆசை. இதுவரை ஏரியிலும் ஆற்றிலும்தான் தூண்டில் போட்டிருக்கிறேன். எந்தப் படகு, எந்த நாள், என்ன செலவு, பிடித்ததைச் சாப்பிடலாமா?"

காலம் நன்றாகவே அமைந்திருக்கிறது. அந்தமானில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை, கூடவே வங்கக் கடல் புயல்கள். டிசம்பர் போகப் போகத்தான் கடல் அடங்கும்; பிப்ரவரி, மார்ச்சில் அலையே இல்லாத நாள்களும் வரும். ஜனவரியில் வாடை இன்னும் கொஞ்சம் வீசும். திறந்த கடலில் ஆட்டம் இருக்கும், தீவுகளின் மறைவில் அமைதியாக இருக்கும். உங்களுக்கு அது போதும்.

எந்தப் படகு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் யார் கூட்டிப்போகிறார் என்பதைப் பாருங்கள். ஏரியில் மீன் நம் தூண்டில் எட்டும் தூரத்தில் எங்கேயோ இருக்கிறது, பொறுமையாக உட்கார்ந்தால் போதும். கடலில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். மீன் கூடுவது பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) விளிம்பில், தரை திடீரென்று ஆழத்துக்கு இறங்கும் இடத்தில். அதுவும் நீரோட்டம் சரியாக ஓடும் சில மணி நேரம்தான். எந்தப் பாரில் ஏறுநீரில் மீன் நிற்கும், எதில் வற்றுநீரில் நிற்கும் என்பது எந்த மேப்பிலும் கிடையாது. அது ஓட்டியின் தலைக்குள் இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். இன்னொன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்: "இன்னிக்கு வேணாம் சார், நீரு சரியில்ல, திரும்பிடலாம்" என்று சொல்லும் துணிச்சலுக்கு.

மொழி ஒரு பிரச்சினையாக இருக்காது. போர்ட் பிளேரில் (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசுபவர்கள் நிறைய. ஜங்லிகாட் மீன் இறங்குதளத்தில் காலையில் நின்றால் தெலுங்கு, வங்காளம், தமிழ் எல்லாம் கலந்து காதில் விழும். 1925இல் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டு வடக்கே மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்களுக்குக் கடல் தெரிந்தவர்கள் என்று தீவு முழுக்கப் பெயர் உண்டு. ஆராய்ச்சிப் படகு, டைவிங் படகு என்று பலவற்றில் அவர்கள் வேலை செய்கிறார்கள். உங்கள் படகில் அப்படி ஒருவர் இருந்தால், அதிகம் பேசமாட்டார். அவர் கை காட்டும் பக்கம் எறியுங்கள்.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்கப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இணையத்தில் பதிவு செய்துவிட்டு விடாமல், போனில் பேசுங்கள். யார் உங்களிடம் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். முன்பு கடலில் போயிருக்கிறீர்களா, குமட்டல் வருமா, பையனுக்கு நீச்சல் தெரியுமா, மீனை விடுவீர்களா எடுப்பீர்களா, கனமான ராடை (தூண்டில் கம்பை) நாள் முழுக்க வீச உடம்பு தாங்குமா என்றெல்லாம் கேட்பவர் உங்கள் நாளை ஏற்கெனவே திட்டமிடத் தொடங்கிவிட்டார். "கட்டாயம் மீன் கிடைக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, ஆள் உயர மீன் படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்புபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன மாதம் பிடித்த படம் இருக்கிறதா? அந்தப் படங்களில் வழிகாட்டியே மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, வந்த விருந்தாளிகள் நிற்கிறார்களா என்றும் பாருங்கள். நான் இதை அதிகம் கவனிப்பேன்.

அவர் தேறிவிட்டால் படகுக்கு வாருங்கள். உள்ளூரில் டுங்கி என்று சொல்லும் நீளமான சின்னப் படகு ஒரு வகை. விளையாட்டு மீன்பிடிப்புக்கென்றே கட்டிய, இரண்டு அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகு இன்னொரு வகை. கரையோரம், தீவு மறைவில் அரை நாள் என்றால் டுங்கி குறைச்சல் இல்லை. கரை மறையும் தூரம் போவதாக இருந்தால் இரண்டாவது எஞ்சின் இல்லாத படகில் ஏறாதீர்கள். ஜி.பி.எஸ்., ஆழமும் மீனும் காட்டும் சோனார், வி.எச்.எஃப். ரேடியோ மூன்றும் வேண்டும். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே மொபைல் சிக்னல் போய்விடும். ஆபத்து அழைப்புக்கு ரேடியோவில் சேனல் 16. கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. படகுப் பதிவு, பயணிகளை ஏற்றவும் மீன் பிடிக்கவும் உள்ள அனுமதி, இரண்டையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே கழன்று வந்துவிடும். அப்புறம், யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: பல திறந்த படகுகளில் கழிப்பறை கிடையாது. மனைவி வருவதாக இருந்தால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிழலுக்கு மேற்கூரை இருக்கிறதா என்பதையும்.

செலவு தலைக்கு இல்லை, படகுக்கு. ஒருவர் போனாலும் நான்கு பேர் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தொகை. அரை நாள், முழு நாள் என்று இரண்டு கணக்கு இருக்கும். அதில் பெரிய பங்கு எரிபொருள், அதனால் தூரம் கூடக் கூட விலை ஏறும். தொகையைப் பேசும்போது எரிபொருள், ராட்-ரீல், இரை, ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: அறுந்துபோன பாப்பருக்கும் (நீர்மேல் இழுக்கும் செயற்கை இரை) உடைந்த ராடுக்கும் யார் காசு கொடுப்பது, வானிலையால் நின்றுபோனால் முன்பணம் என்ன ஆகும். பெரிய பாரை மீனுக்கான பாப்பர்களும், ஆழத்தில் இறக்கும் உலோக இரையான ஜிக்குகளும் விலை கூடியவை. பாரில் ஒன்றிரண்டு சிக்கி அறுவது சாதாரணம். முதல் தடவைக்கு நீங்கள் சொந்தமாக எதுவும் வாங்க வேண்டாம். படகில் இருப்பதைப் பயன்படுத்திவிட்டு, பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம்.

இப்போது உண்மையான கேள்வி: எந்த மாதிரி மீன் பிடிக்க ஆசை? நாளின் வடிவத்தை முடிவு செய்வது இதுதான்.

அந்தமானுக்கு வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் தேடி வருவது ஜயன்ட் ட்ரெவலி என்கிற பெரும்பாரைக்காக. ஜி.டி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பாப்பிங் என்று ஒரு முறை. முகம் குழிந்த, 150 கிராம் பக்கம் எடையுள்ள பாப்பரைப் பார் விளிம்புக்கு மேல் வீசி, ராடைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்துத் தண்ணீரைத் தெறிக்க வைக்க வேண்டும். அடிபட்ட மீன் துள்ளுகிறது என்று நினைத்துப் பாரை மேலே வந்து மோதும். மோதும் காட்சியைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். கொக்கி ஏறியதும் அது நேராகப் பாருக்குள் ஓடப் பார்க்கும். முதல் சில விநாடிகளில் தடுக்காவிட்டால் பாறையில் உரசித் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். இதற்காகத்தான் நூறு பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூலும், அதற்கு முன்னால் அதைவிடத் தடித்த லீடர் என்கிற முன்நரம்பும் போடுகிறார்கள். உலகச் சாதனையாகப் பதிவான ஜி.டி. 2006இல் ஜப்பானில் பிடிபட்டது, 72.8 கிலோ. அவ்வளவு பெரிதெல்லாம் வேண்டாம்; 20 கிலோ பாரையே இடுப்பை முறிக்கும். ஆனால் ஒரு மோதலுக்கு முன்னால் நூறு வீச்சு வீச வேண்டியிருக்கலாம். பழக்கம் இல்லாதவருக்கு இரண்டு மணி நேரத்தில் தோள் போய்விடும். ஒன்றுமே வராமல் போகும் நாளும் உண்டு.

ஜிக்கிங் என்பது 200, 300 கிராம் உலோக மீனை ஆழத்துக்கு இறக்கி, துள்ளத் துள்ள மேலே இழுப்பது. டாக்டூத் சூரை, களவா போன்றவை அடிக்கும். கைக்கு இதுவும் சளைத்த வேலை இல்லை. அதோடு, பாதி வழியில் சுறா வந்து மீனைக் கடித்துத் தலையை மட்டும் விட்டுவைப்பதும் நடக்கும். ட்ரோலிங் அப்படி இல்லை: படகு ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் இரை இழுபடும், ரீல் கிரீச்சிட்டால் எடுக்க வேண்டியதுதான். வஞ்சிரம், சீலா, சூரை, அதிர்ஷ்டம் இருந்தால் மயில் மீன். கடைசியாக, நம் ஊர்க் கைத்தூண்டில்: ஈயம் கட்டி, கணவாய்த் துண்டு குத்தி, தரைக்கு இறக்குவது. விளமீன், செப்பிலி, சின்னக் களவா என்று எதாவது கடித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் பையனுக்கு இந்தக் கடைசி முறைதான். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு பெரிய மீனுக்காக ஐந்து மணி நேரம் காத்திருப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நரம்பு துடிப்பது மேல். ஒரே நாளில் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு ஜி.டி.யும் தேடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் கெடும். வசதி இருந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள்: குடும்பத்தோடு தீவு மறைவில் அரை நாள், நீங்கள் மட்டும் இன்னொரு முழு நாள். ஒரே நாள்தான் என்றால், காலை அரை நாள் எடுத்து, போகும் வழியில் ட்ரோலிங், நங்கூரம் போட்டுக் கைத்தூண்டில், கடைசி அரை மணி நேரம் உங்களுக்குப் பத்துப் பதினைந்து பாப்பர் வீச்சு. இதைப் போனிலேயே சொல்லிவிட்டால் நல்ல வழிகாட்டி அதற்கேற்ற பாரைத் தேர்ந்தெடுத்து வைப்பார்.

எங்கே போவது என்பதை அவரிடம் விடுங்கள். எங்கே போகக் கூடாது என்பதை மட்டும் நீங்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வண்டூர் பக்கம் 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு) அருகே ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ராம் தீவுகளை உள்ளடக்கிய ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்கா. இரண்டிலும் மீன்பிடிக்கத் தடை. மேற்கே வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் நெருங்கவே கூடாது. "அந்தப் பக்கம் யாரும் போறதில்ல, மீனு அப்படியே கிடக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால் அன்றே அவருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். 2006இல் அங்கே படகு ஒதுங்கிய மீனவர் இருவர் கொல்லப்பட்டார்கள். 2018இல் ஓர் அமெரிக்கரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். தடை நமக்கு மட்டுமான பாதுகாப்பும் இல்லை. நம் சளிக்காய்ச்சலே அந்த மக்களை அழித்துவிடக்கூடும்.

பேரன் தீவு என்று ஒரு பெயர் காதில் விழும். இந்தியாவில் இன்று உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே 135 கிலோமீட்டர் வாக்கில். சுற்றியுள்ள ஆழ்கடலில் பெரிய சூரை உண்டு. ஆனால் அது கடலில் இரவு தங்கும் பயணம். குடும்பத்தோடு வரும் முதல்முறைக்காரருக்கு உரியது இல்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கணக்கு. ஒன்று வானிலை. வந்து இறங்கியதும் மறுநாளே வேண்டாம், கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளும் வேண்டாம். நடுவில் ஒரு நாளைக் குறித்து, அதற்கு அடுத்த நாளை மாற்று நாளாகக் காலியாக வையுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டியே வெளியிடுகிறது, நீங்களே பார்க்கலாம். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் சின்னப் படகில் குடும்பத்துக்கு அது சந்தோஷப் பயணமாக இருக்காது. இரண்டாவது, நிலா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். போர்ட் பிளேரில் அது இரண்டு மீட்டரை ஒட்டி வரும், நீரோட்டமும் வேகமெடுக்கும். பாரை தேடுபவர்கள் அந்த நாள்களை விரும்புவார்கள். கைத்தூண்டில் போடுபவர்களுக்கு அதே நாள் தொல்லை, ஈயம் தரையில் நிற்காது. ஆகவே பையனுக்கான அரை நாளை அஷ்டமியை ஒட்டி வையுங்கள். காலண்டரைப் பார்க்கும்போது ராகுகாலத்தோடு இதையும் பார்த்துவிடலாம்.

கிளம்பும் நேரம் விடியற்காலை. நாட்டின் கிழக்குப் பக்கம் வெகுதூரம் தள்ளி இருப்பதால் ஜனவரியிலும் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். எட்டு மணிக்கு ஹோட்டல் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்படலாம் என்று நினைத்தால் நல்ல நேரம் போய்விடும்.

குமட்டலைப் பற்றி யாரும் கௌரவம் பார்க்க வேண்டாம். வீரமாக ஏறியவர்கள் அரை மணியில் படகோரத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வரும். பையனுக்கான அளவை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பூரியும் கூடாது. இரண்டு இட்லி சரி. படகின் அணியத்தில் (முன்முனையில்) ஆட்டம் அதிகம். பின்பக்கம், நடுவில் உட்காருங்கள், ஆனால் எஞ்சின் புகை அடிக்காத பக்கம். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். முழுக்கை சட்டை, கயிறு கட்டிய தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி, வழுக்காத செருப்பு. பாப்பர் வீசும் நேரத்தில் எல்லோரும் கண்ணாடி போட்டிருக்கட்டும். பறந்துவரும் கொக்கிக்கு ஆள் தெரியாது.

கொக்கி என்றதும் ஒன்று. அதன் முனையில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். நல்ல படகில் அவர்களே நசுக்கி வைத்திருப்பார்கள். மீனை விடுவது சுலபம் என்பது ஒரு காரணம். அதே கொக்கி பையனின் விரலில் ஏறினால் பின்னாலேயே இழுத்து எடுத்துவிடலாம் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

பெரும்பாரையை விட்டுவிடுங்கள். பெரிய பாரையின் சதை முரடு, சுவையும் சுமார். அது பல வருடம் வளர்ந்து அந்தப் பாரைக் காக்கும் மீன். ஈரக் கையால், வயிற்றைத் தாங்கிப் பிடித்து, ஒரு படம் எடுத்துவிட்டு, தலை முதலில் போகிற மாதிரி தண்ணீரில் விட்டால் போய்விடும். செவுளில் கைவிட்டுத் தூக்கித் தொங்கவிடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் களவா, செப்பிலிக்கு இது பொருந்தாது. மேலே வரும்போதே காற்றுப்பை உப்பி, வயிறு வாய்க்கு வந்துவிடும். அப்படியே விட்டால் மிதந்தே சாகும். அதனால் ஆழத்தில் தூண்டில் போடுவதானால், சாப்பிடத் தேவையான இரண்டு மூன்று மீனோடு நிறுத்திக்கொண்டு இடத்தை மாற்றுவதுதான் முறை. ராட்சதக் களவாயும், திமிங்கலச் சுறா, உழுவை போன்ற சில சுறா-திருக்கை இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. மாட்டினால் படகில் ஏற்றாமல் நரம்பை வெட்டிவிட வேண்டியதுதான்.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. ஆனால் பார்த்து. வஞ்சிரம், நடுத்தரச் சூரை, சின்ன விளமீன் நல்ல தேர்வு. பவளப்பாரில் வாழும் பெரிய களவா, பெரிய சீலா, பெரிய செப்பிலி, பெரும்பாரை இவற்றைத் தவிர்க்கலாம். பாசியில் உண்டாகும் சிகுவாடெரா என்ற நச்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மீனைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சூரைக்கு வேறு சிக்கல்: வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேர்ந்து, சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலி வரும். பிடித்ததும் இரத்தம் வடித்து ஐஸில் போட வேண்டும். ஆகவே படகில் ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் இருக்கிறதா என்று கிளம்பும்முன் மூடியைத் திறந்து பாருங்கள். பல சின்ன ஹோட்டல்களில் மீனைக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். மதியத்துக்குள் சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒன்று. படகு கிடைக்காத நாளில், கரையிலிருந்தோ சதுப்புநிலக் காட்டு உப்பங்கழியிலிருந்தோ தூண்டில் போடலாமே என்று தோன்றும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையருகே ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் தண்ணீர் ஓரம் நிற்காதீர்கள், பையனைக் கழிமுகம் பக்கமே விடாதீர்கள். கரையில் அவன் பொறுக்கும் சங்கும் பவளத்துண்டும் பெட்டிக்குள் வரக் கூடாது. விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், இனத்தைப் பொறுத்து வழக்கும் வரலாம்.

ஜனவரி கடைசி கூட்ட நேரம். நல்ல ஓட்டிகளின் நாள்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால் விமான டிக்கெட் எடுத்த கையோடு போன் செய்துவிடுங்கள்.